வாத்தியார் ஏன் வரவில்லை?
பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு கல்வி வரலாறு

(எம்.சி. ராஜா நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எம்.சி. ராஜாவை நாம் பெரும்பாலும் சட்டமன்றத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். 1922இல் 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று எழுதச் சொன்ன தீர்மானம், 1925இல் வெளிவந்த 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்ற ஆங்கில நூல், 1932இன் ராஜா - மூஞ்சே ஒப்பந்தம் இவைதான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் பொதுவாழ்வுக்கு வருமுன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பாடநூல்களும் எழுதியவர். சேரியிலிருந்து ஒருவர் வாத்தியாராக வருவதற்கு அந்தக் காலத்தில் எத்தனை கதவுகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதைச் சொந்த வாழ்வில் அறிந்தவர். அவருடைய நினைவைப் போற்றும் இந்த மேடையில் அந்தக் கதவுகளைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று நினைத்தோம்.

பேச்சைப் பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து தொடங்குகிறோம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வந்து சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் ஊடே ஓடுகிறது. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று கரையெங்கும் ஊர்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி இருக்கிறார். கல்வி வரலாறு குறித்த ஒரு கட்டுரையை வாசித்து முடித்த நாளில் அவர் ஒரு கேள்வி கேட்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தனக்குப் பாடம் நடத்திய எந்த ஆசிரியரும் தன் தெருவைச் சேர்ந்தவரோ, ஏரியில் இறங்கத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவரோ இல்லையே, ஏன் என்று. எல்லாரும் வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து, மாலைப் பேருந்தைப் பிடிக்க மணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களைக் குறைசொல்ல அவர் இந்தக் கேள்வியை எழுப்பவில்லை. நமக்கான வாத்தியார் எங்கே போனார் என்பதுதான் அவர் கேட்டது.

'ஆசிரியர் பற்றாக்குறை' என்ற சொல் மழை பொய்த்தது போல, மீன்பாடு இல்லாதது போல ஒலிக்கிறது. யாரும் பொறுப்பில்லாத ஏதோ ஒன்று போல. எங்கள் வாதம் இதுதான்: இந்தப் பற்றாக்குறை தானாக வந்ததில்லை, உண்டாக்கப்பட்டது. எப்படி உண்டாக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால், எப்படித் தீர்ப்பது என்பதும் தெரியும்.

மூன்று கதவுகள்

ஒருவர் தகுதிபெற்ற ஆசிரியராக வேண்டுமென்றால் மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, பயிற்சிப் பள்ளியில் சேரும் அளவுக்கு அவர் ஏற்கெனவே படித்திருக்க வேண்டும். இரண்டாவது, பயிற்சிக் காலம் முழுக்கச் சம்பாத்தியம் இல்லாமல், வெளியூரில் தங்கிச் சாப்பிட வழி இருக்க வேண்டும். மூன்றாவது, பயிற்சி முடித்தபின் அவரை ஒரு பள்ளி வேலைக்கு எடுக்க வேண்டும். ஊர் அவரை வாத்தியாராக ஏற்க வேண்டும்.

காலனிய அரசு கட்டிய பள்ளிமுறையில் மூன்று கதவுகளுமே சாதி பார்த்துத் திறந்தன. முதல் கதவு மூடியிருந்தால் அடுத்த இரண்டைப் பற்றிய பேச்சே எழாது. சேரியில் பள்ளி இல்லை, ஆகவே படித்தவர் இல்லை. படித்தவர் இல்லை, ஆகவே பயிற்சி பெற்றவர் இல்லை. பயிற்சி பெற்றவர் இல்லை, ஆகவே சேரிப் பள்ளிக்கு வாத்தியார் இல்லை. இந்த வட்டத்துக்குள் சிக்கியவர்களைப் பார்த்துத்தான் 'படிப்பில் ஆர்வமில்லாத மக்கள்' என்று அதிகாரிகள் எழுதினார்கள்.

சென்னை உலகுக்குக் கொடுத்த மலிவு வழி

ஆசிரியர் போதவில்லை என்ற சிக்கலுக்கு உலகம் முழுக்கப் பரவிய ஒரு தீர்வு சென்னையில்தான் பிறந்தது. 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியின் பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். நம் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்த பெல், அதையே தன் விடுதியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். உடனே ஜான் பிரிஸ்கன் என்ற சிறுவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். அது நடந்தது. மாணவனே மாணவனுக்கு ஆசிரியர் என்ற முறை அதிலிருந்து வளர்ந்தது. 1797இல் பெல் அதை நூலாக லண்டனில் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைகள் பள்ளிகளில் அது 'மதராஸ் முறை' என்ற பெயரோடு பரவியது.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்ததை நாம் அறிவோம். பெல் செய்தது அதை ஒரு அமைப்பாக்கியதுதான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தருவதில் தவறில்லை. ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதைத் தவிர்க்க அது ஒரு வழியானபோது, ஒரு கணக்கும் அதோடு சேர்ந்து பிறந்தது: ஏழைப் பிள்ளைக்கு முழு ஆசிரியர் தேவையில்லை, அரை ஆசிரியர் போதும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் கடைசியில் மறுபடியும் அதைச் சந்திப்போம்.

மன்றோவின் கணக்கு

1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் தொகை வந்தது: 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

இந்த எண்களைக் காட்டி, வெள்ளைக்காரன் வருமுன் எல்லாரும் படித்திருந்தார்கள் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாம் அந்த அட்டவணையின் தலைப்புகளைப் படிக்க வேண்டும். பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற சாதிகள், முஸ்லிம்கள் என்று அது பிரிக்கப்பட்டிருந்தது. சேரி அந்த 'மற்ற சாதிகள்' என்ற கட்டத்துக்குள் யாரோடோ சேர்ந்து கிடக்கிறது. பெயர் சொல்லிக் கணக்கெடுக்கப்படாதவர்களுக்குப் பெயர் சொல்லி எதுவும் ஒதுக்கப்படவும் இல்லை.

ஆனாலும் மன்றோ ஒன்றைச் சரியாகக் கண்டார். ஆசிரியர்களின் வருமானம் மாதம் ஆறேழு ரூபாயைத் தாண்டாததால் நல்லவர்கள் அந்த வேலைக்கு வருவதில்லை என்றார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி, மாவட்டத் தலைமையிடங்களில் பள்ளிகள், வட்டந்தோறும் தாசில்தாரிப் பள்ளிகள் என்று திட்டமிட்டார். மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய் என்று அரசுச் சம்பளமும் குறித்தார். மாவட்டப் பள்ளிகள் இரண்டு வகை: ஒன்று இந்துக்களுக்கு, மற்றொன்று முஸ்லிம்களுக்கு. 'இந்து' என்ற அந்தச் சொல்லுக்குள் சேரிப் பிள்ளைக்கு இடம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. 1827இல் மன்றோ இறந்தார். 1836இல் அந்தப் பள்ளிகளும் கைவிடப்பட்டன.

சான்றிதழும் மானியமும்

1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி ஆவணம்தான் இன்றைய கல்வித் துறையின் அடித்தளம். ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு கல்வித் துறை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம், ஆசிரியர்களை உருவாக்கப் பயிற்சிப் பள்ளிகள் என்று அது சொன்னது. 1856இல் சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. சைதாப்பேட்டையில் இன்றும் இருக்கும் ஆசிரியர் கல்லூரி அதன் தொடர்ச்சி.

இங்கே மானியம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு முறைகள் இருந்தன. சான்றிதழ் பெற்ற ஆசிரியரை வைத்திருக்கும் பள்ளிக்கு அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை அரசு தரும். இது சம்பள மானியம். அப்படிப்பட்ட ஆசிரியர் இல்லாத சிற்றூர்ப் பள்ளிகளுக்கு, ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, எத்தனை பேர் தேறினார்களோ அத்தனை பேருக்குத் தொகை தருவார். இது தேர்ச்சி மானியம்.

ஒரு குப்பத்துப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். இறால் வரத்து உள்ள மாதத்தில் பிள்ளைகள் ஏரியில் இருப்பார்கள். அந்த மாதத்தில் ஆய்வாளர் வந்தால் தேர்வுக்கு யார் இருப்பார்கள்? பிள்ளை தேறாவிட்டால் வாத்தியாருக்கு வருமானம் இல்லை. வருமானம் இல்லாத ஊரில் வாத்தியார் ஏன் இருக்க வேண்டும்? எங்கே பிள்ளைகள் ஏற்கெனவே நன்றாகத் தேறுகிறார்களோ அங்கே பணம் போனது. பணம் போன இடத்துக்கு நல்ல ஆசிரியர் போனார். கூலிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் துணிந்தவரை இந்த ஏற்பாடு தண்டித்தது. பஞ்சமப் பள்ளிகளுக்குக் கூடுதல் விகிதத்தில் மானியம் தரும் சலுகை பின்னால் வந்தது. ஆனால் தேர்வுக்கு ஆளே இல்லாதபோது விகிதம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

1893: செங்கல்பட்டும் ஓர் ஆணையும்

பழவேற்காடு அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அந்தச் செங்கல்பட்டின் ஆட்சியர் டிரமென்ஹீர், 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம், மனை, கூலி, கடன், கல்வி எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அதிலே காட்டினார். 1892இல் வந்த நில ஆணையைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் நாம் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறோம். அதற்கு அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரியில் வந்த கல்வி ஆணையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்றே அது பின்னால் அழைக்கப்பட்டது.

அந்த ஆணை பெரிய சேரிகளில் தனிப் பள்ளிகள் திறக்கச் சொன்னது. பள்ளிக்குப் புறம்போக்கு நிலம் தரச் சொன்னது. ஆசிரியர் பயிற்சியில் சேரும் பஞ்சம மாணவருக்கு மற்றவரைவிடக் கூடுதல் உதவித்தொகை தரவும் சொன்னது. இந்த மூன்றாவது அம்சத்தை நாம் கவனிக்க வேண்டும். சேரிக்குப் பள்ளி வந்தால் போதாது, சேரியிலிருந்து வாத்தியார் வர வேண்டும். அதற்கு அவருக்குச் சோறு போட வேண்டும் என்று அரசு முதன்முறையாக ஒப்புக்கொண்ட இடம் அது. நாம் சொன்ன இரண்டாவது கதவின் மீது கைவைத்த ஆணை.

ஆனால் முதல் கதவு அப்படியே இருந்தது. பயிற்சியில் சேரும் அளவுக்குப் படித்தவர்கள் எங்கே? அந்த இடைவெளியில் சாதி இந்து ஆசிரியர்களைத்தான் சேரிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வர மறுத்தவர்கள் உண்டு. வந்தும் தொடாமல் பாடம் நடத்தியவர்கள் உண்டு. பொதுப் பள்ளிகளோ அக்ரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் ஊர்ச் சாவடியிலும் நடந்தன. எல்லாப் பிள்ளைகளும் வரக்கூடிய இடத்துக்கு அவற்றை மாற்ற வேண்டும் என்று 1919இல்கூட அரசு ஆணையிட வேண்டியிருந்தது.

அதே 1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று 3,412 பேர் கையொப்பமிட்ட மனுவைப் பறையர் மகாஜன சபை லண்டனுக்கு அனுப்பியது. தேசியவாதிகள் இதைத் துரோகம் என்றார்கள். மனு எழுப்பிய கேள்வியோ மிக எளியது. எல்லாருக்கும் பள்ளி இல்லாத நாட்டில் 'தகுதித் தேர்வு' வைத்தால், தகுதி யார் வீட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதோ அவர்களுக்கே அதிகாரம் போகும். ஆசிரியர் சான்றிதழுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நல்ல பள்ளியும் அதன் எல்லையும்

1894இல் கர்னல் ஆல்காட் ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தொடர்ந்து சென்னையின் வேறு சேரிகளிலும் பள்ளிகள் திறந்தன. அயோத்திதாசப் பண்டிதருக்கும் ஆல்காட்டுக்கும் இருந்த தொடர்பு நாம் அறிந்தது. அந்தப் பள்ளிகளை மேற்பார்வையிட்ட கோர்ட்ரைட் அம்மையார் கற்பிக்கும் முறையை ஒரு சிறுநூலாகவே எழுதினார். விளையாட்டு, பொருள்களைத் தொட்டுப் பார்த்தல், பேச்சு வழியாகக் கற்றல் என்று அன்றைக்கு உயர்சாதிப் பிள்ளைக்கே கிடைக்காத முறைகள் அங்கே நடந்தன. சேரிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற பேச்சுக்கு அது நேரடி மறுப்பு.

ஆனால் அந்தப் பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு நின்றன. தொடக்க வகுப்போடு நின்ற பிள்ளை ஆசிரியராக முடியாது. ஒரு சமூகத்துக்கு அரிச்சுவடி கொடுத்துவிட்டு, அரிச்சுவடி சொல்லித்தரும் அதிகாரத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பது அறம் செய்வோரின் பழைய பழக்கம்.

இதற்கு மாறான ஒரு காட்சி மராட்டியத்தில் இருக்கிறது. சாவித்திரிபாய் புலே ஆசிரியர் பயிற்சி பெற்றவர். அவருடைய பள்ளியில் மூன்றாண்டு படித்த மாங் சாதிச் சிறுமி முக்தாபாய், 1855இல் தன் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வந்தது. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. தன்னை மதிக்கும் ஓர் ஆசிரியர் மூன்றாண்டு கிடைத்தால் ஒரு பிள்ளை எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மீனவர் பள்ளியும் பெயர் இல்லாத மீனவரும்

இப்போது மறுபடி கடற்கரைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் சென்னை மாகாண மீன்வளத் துறை உருவானது. மீன் பிடிப்பதோடு மீனவரின் கடன், குடி, கல்வி எல்லாவற்றையும் அந்தத் துறை தன் பொறுப்பாகப் பார்த்தது. மேற்குக் கரையில் மீனவர் பிள்ளைகளுக்கென்று பள்ளிகளைத் திறந்தது. அவற்றுக்கு ஆசிரியர் கிடைக்காதபோது, 1910களின் இறுதியில் கோழிக்கோட்டில் ஒரு பயிற்சி நிறுவனத்தை ஏற்படுத்தியது. மீனவச் சமூகங்களிலிருந்தே இளைஞர்களை எடுத்து, எழுத்தும் கணக்கும் கற்பிப்பதோடு வலை, படகு, மீன் பதப்படுத்தல் எல்லாம் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, அவர்களையே கரையோரப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக அனுப்பும் திட்டம் அது.

காலனிய ஆட்சியில் ஆசிரியர் பற்றாக்குறைக்குக் கிடைத்த அறிவார்ந்த விடைகளில் ஒன்று இது என்று ஒப்புக்கொள்வோம். மூன்று கதவுகளையும் ஒன்றாகத் திறக்க முயன்ற ஏற்பாடு. மீனவர் மீனவராகவே நீடிக்க வேண்டும் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது என்பதையும் சொல்லிவிடுவோம்.

அதே துறைக்குப் பழவேற்காடு ஏரியும் தெரியாத இடமல்ல. இங்கே உணவுச் சிப்பி வளர்க்க அது முயன்றது. ஆனால் இந்த ஏரியில் 'மீனவர்' யார்? பாடு முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். எந்த ஊர், எந்த நாளில், ஏரியின் எந்தப் பகுதியில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பட்டினவர் குப்பங்களின் தலைக்கட்டுகளுக்கு அதில் பங்கு உண்டு. ஏரியை நம்பி வாழும் தலித்துகளுக்கு அந்தப் பங்கு மறுக்கப்பட்டது. நீருக்குள் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் இல்லை.

காலனிய அரசின் துறைகளும் சாதியின் வழியே பிரிந்தன. மீன்வளத் துறையின் கண்ணில் மீனவச் சாதிகளே மீனவர். 1920 முதல் ஒடுக்கப்பட்டோர் நலனைக் கவனித்த தொழிலாளர் துறையின் கண்ணில் ஆதிதிராவிடர் என்றால் வயல் கூலி. ஏரியில் இறங்கும் தலித்து இரண்டு கண்ணிலும் படாமல் நடுவே நின்றார். ஒருவருடைய உழைப்பை எந்தத் துறையும் தன் பதிவேட்டில் எழுதாவிட்டால், அவர் பிள்ளைக்கு யார் பள்ளி திறப்பது, அந்தப் பள்ளிக்கு யார் வாத்தியார் அனுப்புவது?

இருந்தும் தொழிலாளர் துறைப் பள்ளிகள் வரலாற்றில் பெரிய அடி. சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் கொடுத்த அழுத்தம் இல்லாமல் அவை பெருகியிருக்காது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வேரிலிருந்து வந்தவை.

மனமிருந்தபோது என்ன நடந்தது

பற்றாக்குறையைத் தீர்க்கவே முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு எடுத்துக்காட்டு. பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் இல்லை என்பது அன்றைய அரசின் பெருங்கவலை. சகோதரி சுப்பலட்சுமி, பள்ளி ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்சின் துணையோடு, இளம் பிராமண விதவைகளுக்காக 1912இல் சாரதா இல்லத்தைத் தொடங்கினார். தங்குமிடம், உணவு, பள்ளிப் படிப்பு, அதன்பின் ஆசிரியர் பயிற்சி. அரசு உதவியது. ஐஸ் ஹவுஸ் கட்டடம் விடுதியானது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும் வந்தது. பத்தாண்டுக்குள், வீட்டு மூலையில் மொட்டையடித்து உட்காரவைக்கப்பட்ட பெண்கள் வகுப்பறையில் நின்றார்கள்.

அந்தப் பெண்களின் விடுதலையை நாம் குறைத்துப் பேசவில்லை. பிராமணியத்தின் கொடுமையை அவர்களும் உடலால் சுமந்தவர்கள். நாம் சுட்டுவது அந்த ஏற்பாட்டின் பாடத்தை. விடுதி, உணவு, படிப்பு, பயிற்சி, வேலை என்ற ஐந்தையும் ஒரே கயிற்றில் கோத்தால் பத்தாண்டில் ஒரு சமூகத்திலிருந்து ஆசிரியர்கள் வருவார்கள். சேரிக்கு இந்த ஐந்தும் துண்டுதுண்டாகத்தான் வந்தன. ஒன்று வந்தபோது மற்றொன்று இல்லை.

தகுதி பெற்று வந்தவருக்கும் மூன்றாவது கதவு காத்திருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரான அண்ணல் அம்பேத்கர், பேராசிரியர்களுக்கான பானையில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உடன் பணியாற்றியவர்கள் ஆட்சேபித்தார்கள். அவருக்கே அந்தக் கதி என்றால், ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு வந்து சேர்ந்த முதல் ஆதிதிராவிட வாத்தியாரின் நிலையை நாம் ஊகிக்கலாம்.

அரை நாள் பள்ளியும் அரை ஆசிரியரும்

காலனிய ஆட்சி போனபின்னும் அந்தக் கணக்கு போகவில்லை. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கு வரும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகும். ஒரே ஆசிரியர் இரண்டு முறை வைத்து இரட்டிப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது அதன் சிக்கனம். குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் எதிர்த்தது. 1954இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. ஆசிரியர் போதாத சுமையைப் பிள்ளையின் பள்ளி நேரத்தை வெட்டிச் சரிக்கட்டப் பார்த்த திட்டம் அது என்பதையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். குப்பத்துப் பிள்ளைக்கு அந்த அரை நாள் எங்கே கழிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்று? 2009இன் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. தகுதி பெற்றவரே ஆசிரியராக வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடக்கிறது. நல்லது. ஆனால் 2022இல் காலியிடங்களை நிரப்பத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு நிர்ணயிக்கப்பட்ட மாதத் தொகை 7,500 ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். கொரோனாக் காலத்தில் பள்ளி மூடிக்கிடந்தபோது அந்தத் தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், செய்த பணியை நாம் மதிக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் முறையான ஆசிரியராக உயர்த்தப்பட வழி செய்யப்பட்டது என்று கேட்கவும் கடமைப்பட்டிருக்கிறோம். எழும்பூர் விடுதியில் தொடங்கிய 'ஏழைப் பிள்ளைக்கு அரை ஆசிரியர்' என்ற கணக்குதான் வேறு பெயரில் வந்து நிற்கிறது.

2023 நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்க்கப்போவதாக அறிவித்தார்கள். தனித் துறை நம்மைத் தனியே வைக்கிறது என்று சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. நமக்கென்று இருந்த நிலமும் கட்டடமும் பணியிடங்களும் கரைந்துபோகும் என்று மறுப்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நம் தோழர்களே. எந்தத் துறையின் கீழ் இருந்தாலும் நாம் விடக்கூடாத கேள்வி: அந்தப் பள்ளியின் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிரந்தர ஆசிரியர் உண்டா? அவரைப் பயிற்றுவித்த இடத்தில் சேரி, குப்பம், இருளர் குடியிருப்பு பற்றி ஒரு பாடமாவது உண்டா?

நமக்கான வேலை

நம் சாதிக்கு நம் சாதி வாத்தியார் மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. அது சேரியைச் சுற்றி இன்னொரு சுவர். சேரிப் பிள்ளை எல்லாரிடமும் படிக்க வேண்டும். ஊர்ப் பிள்ளையும் சேரி வாத்தியாரிடம் படிக்க வேண்டும். இரண்டாவது நடந்தால்தான் முதலாவதற்குப் பொருள் உண்டு. ஏரிக்கரைப் பள்ளியில் வேலை செய்ய எந்தச் சாதியினர் வந்தாலும், பிள்ளை ஏன் வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை என்பதை நீரின் வரத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஆசிரியராக அவர் இருக்க வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையின் தமிழைக் கேலி செய்யாதவராக இருக்க வேண்டும். இவையும் தகுதிதான், எந்தத் தேர்வும் இவற்றைக் கேட்பதில்லை.

இங்கே வந்திருக்கும் மாணவர்கள் செய்யக்கூடிய மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம். ஒன்று, தகவல் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் ஒன்றியத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரந்தரமாக நிரப்பப்பட்டது எத்தனை, தற்காலிகம் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். மன்றோவின் அட்டவணையில் நாம் 'மற்றவர்கள்' ஆக இருந்தோம். இந்த அட்டவணையை நாமே எழுதுவோம். இரண்டு, ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு இறால் தரம் பிரிக்கும் கொட்டகையிலும் கடையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். தகுதித் தேர்வுக்கு அவர்கள் ஒன்றாகப் படிக்க ஓர் இடமும் விளக்கும் ஏற்பாடு செய்யுங்கள். மூன்று, ஏரிக்கரை ஊர்களிலிருந்து பயிற்சிக்குப் போகும் பெண்களுக்கு விடுதி இடம் கிடைக்கிறதா என்று ஆண்டுதோறும் கவனியுங்கள். 1893இன் ஆணை புரிந்துகொண்டது அதைத்தான். வயிற்றுக்கு வழி செய்யாமல் வாத்தியார் உருவாக மாட்டார்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவருடைய கேள்விக்கு நாம் தந்திருப்பது வரலாற்றுப் பதில். மற்றொரு பதிலை அவர் ஒருநாள் தன் ஊர்ப் பள்ளியில், கையில் சாக்கட்டியோடு நின்று தரட்டும். அவருக்கு முன்னால் இன்னும் திறக்காமல் இருக்கும் கதவுகளைத் தள்ளுவது நம் வேலை.

ஜெய்பீம்.